அமாவாசையும் நிலாவும்

நினைவுரை என்றால் பெரிய தலைப்பாக எடுத்துக்கொள்வது வழக்கம். நாங்கள் ஒரு சின்னப் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறோம்: நிலா. இரண்டே எழுத்து. ஆர்.கே.பேட்டையைச் சுற்றியுள்ள காலனிகளில் பால்வாடிக்குப் போய்ப் பாருங்கள், ஒரு நிலாவாவது ஒரு வெண்ணிலாவாவது இருப்பாள். அவளுடைய தாத்தா தலைமுறையில் அதே வானத்திலிருந்து வந்த பெயர் வேறு. அமாவாசை.

இந்த ஊருக்கே பெயர்க் கதை உண்டு. ஆர்.கே. என்கிற இரண்டு எழுத்துக்குள் இராமகிருஷ்ணராஜு ஒளிந்திருக்கிறார். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். அதனால் இங்கே நிலவொளிக்குத் தமிழில் வெண்ணிலா, தெலுங்கில் வெண்ணெல. இரண்டு மொழிக்காரர்களும் அதைப் பெண்பிள்ளைக்கு வைக்கிறார்கள். அமாவாசையில்தான் பிரிகிறார்கள். தமிழருக்கு அது நல்ல நாள். தை, ஆடி அமாவாசைகள் விசேஷம், கடைகூடத் திறப்பார்கள். தெலுங்கருக்கு அன்று எதையும் தொடங்கக் கூடாது. ஆக, அந்தச் சொல்லில் பிறவி இழிவு எதுவும் கிடையாது. அது ஒரு திதி, அவ்வளவுதான். அதை இழிவாக்கியது, அதைச் சொல்லி யாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது.

இங்கே நாம் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்ற பெயர்களை எல்லாம் ஆண்டை மட்டுமே வைக்கவில்லை. அடுத்தடுத்துப் பிள்ளை செத்த வீட்டில், சாவின் கண்ணை ஏமாற்றப் பெற்றவர்களே வைத்தார்கள். குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றார்கள். சாதி இந்து வீடுகளிலும் இது நடந்தது. ஆனால் அந்த வீட்டுக் குப்பன் வளர்ந்து குப்புசாமி ஆனான். பின்னால் சாதிப் பட்டமும் சேர்ந்தது. நம் வீட்டுக் குப்பன் எழுபது வயதிலும் 'டேய் குப்பா' தான்.

மனுஸ்மிருதி இதை விதியாகவே எழுதியது. இரண்டாம் அத்தியாயம் 31ஆம் சுலோகம்: பிராமணனுக்கு மங்கலமான பெயர், சத்திரியனுக்கு வலிமை, வைசியனுக்குச் செல்வம், சூத்திரனுக்கு இழிவு. சூத்திரனுக்கே இது என்றால் வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாணவர்கள் மூன்றாம் அத்தியாயம் 9ஆம் சுலோகத்தையும் படிக்க வேண்டும். நட்சத்திரம், மரம், ஆறு, மலை, பறவை, பாம்பு இவற்றின் பெயருள்ள பெண்ணை மணக்காதே என்கிறது. கங்கம்மாக்களும் மல்லிகாக்களும் நிறைந்த இந்தப் பகுதியில் இதை வாசித்தால் சிரிப்புதான் வரும். இன்று அதே மரபைச் சொல்லும் சோதிடரே, அனுஷ நட்சத்திரத்துக்கு 'நி' வரும், நிலா என்று வையுங்கள் என்கிறார்.

சங்கப் பாடல்களில் நிலா என்பது பெரும்பாலும் ஒளியைக் குறிக்கும். கோளுக்குத் திங்கள், மதி. பெயராக அது பரவியதில் தனித்தமிழ் இயக்கத்துக்கும் திராவிட இயக்கத்துக்கும் பங்கு உண்டு. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனார்; வேதாசலம் மறைமலை ஆனார். நல்ல காரியம். ஆனால் அவர்கள் ஒரு மரியாதையான பெயரிலிருந்து இன்னொரு மரியாதையான பெயருக்குப் போனார்கள். நம் பயணம் அதுவல்ல. காத்தவராயன் என்ற சிறுவன் தன் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனதிலிருந்து நம் கணக்கைத் தொடங்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் விடுதலைச் சிறுத்தைகள் தமிழ்ப் பெயர் சூட்டலை இயக்கமாகவே நடத்தினார்கள். தொல். திருமாவளவன் தம் தந்தை இராமசாமியின் பெயரையே தொல்காப்பியன் என மாற்றினார். பிள்ளை அப்பாவுக்குப் பெயர் வைத்தது!

சினிமாவும் இதைத் தன் வழியில் கண்டுகொண்டது. 1994இல் வந்த 'அமைதிப்படை'யில் அமாவாசை பதவிக்கு வந்ததும் நாகராஜ சோழன் ஆகிவிடுகிறான். அரங்கம் சிரித்தது. அந்தப் பெயரோடு அரங்கில் உட்கார்ந்திருந்தவர் என்ன செய்திருப்பார்?

எங்கள் கூட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்தி, பெயர் நிலா என்றே வைத்துக்கொள்வோம், அப்பா பெயர் அமாவாசை. வகுப்பில் இன்ஷியலை விரித்துச் சொல்லச் சொன்னபோது சிரித்திருக்கிறார்கள். அப்பா பெயரை அரசிதழில் மாற்ற வழி கேட்டு வந்தாள். உற்சாகமாகப் படிவத்தோடு நாங்கள் வீட்டுக்குப் போனோம். அவர் தறியை விட்டு இறங்கி வந்து உட்கார்ந்தார்.

"பட்டாவுல, ரேஷன் கார்டுல, பேங்குல எல்லாம் அமாவாசைதான். ஒண்ண மாத்தினா அத்தனையும் மாத்தணும், யாரு அலையறது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இந்தப் பேரச் சொல்லித் திட்டினவங்க இன்னும் இருக்கறாங்க. நான் மாத்திக்கினா அவுங்க வாய் மாறிடுமா? என் பொண்ணுக்கு நான்தானே நிலான்னு வச்சேன்" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. திரும்பும் வழியில் எங்களுக்குள் சண்டை. பெயரை மாற்றுவது விடுதலை என்றது ஒரு பாதி. அவமானத்தை அவர் தலையில் வைத்துவிட்டு அவரையே மாறச் சொல்கிறோமோ என்றது மறுபாதி. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. நிலா அடுத்த தேர்வு விண்ணப்பத்தில் அப்பா பெயரை அப்படியே முழுதாக எழுதினாள். மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டாளா என்று கேட்டோம். "யோசிக்கிறேன் தோழர்" என்றாள்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் காலனியில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் பெயரையும், அதை யார் வைத்தார்கள், யார் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதையும் அவர்கள் சொல்கிறபடியே எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் அதை இங்கே வாசிப்போம். ஜெய்பீம்.