குளக்கட்டும் ஊர்க்காவலும்



வன்னிக் குளங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. மேற்குளத்தில் வான் பாயும் நீர் கீழ்க்குளத்தை நிரப்பும். அதன் மிகைநீர் அடுத்ததை அடையும். ஆதலின், மேலே ஒரு கட்டு உடையுமாயின், கீழுள்ளவையும் ஒன்றன்பின் ஒன்றாக உடைய நேரும். 1957ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் உலர் வலயத்துக் குளங்கள் பல உடைப்பெடுத்தன.

கட்டின் கேடு மழைக்கு முன்பே தொடங்கிவிடுகின்றது. கறையான் புற்றும் எலி வளையும் மண்ணினுள் வழி அமைக்கின்றன. கட்டில் வளர்ந்த மரம் பட்டுப்போனால், வேர் உக்கிய இடத்தால் நீர் கசிகின்றது. மாடுகள் ஏறியிறங்கும் தடம் பதிந்துபோக, வெள்ளம் முதலில் அங்கேயே மேவிப் பாய்கின்றது.

இவற்றினும் கொடிய பிழையொன்றை நாமே செய்கின்றோம். சிறுபோகத்துக்கு நீர் சேர்க்கவென வானை மண்மூடைகளால் உயர்த்துகின்றோம். பெருமழையில் மிகைநீர் போக வழியின்றிக் கட்டின் மேலாகப் பாய்ந்து, அதனை அறுத்துவிடுகின்றது.

முன்னாளில் கட்டுத் திருத்துதல் ஊரவர் கடமையாயிருந்தது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபின் அவ்வழக்கம் தளர்ந்தது. இன்று 80 ஹெக்டேயர் வரையான வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. பராமரிப்பில் கமக்காரர் அமைப்புகளுக்கும் பங்குண்டு.

ஆகவே, புரட்டாதியிலேயே ஊரவர் கூடிக் கட்டின் முழு நீளமும் நடந்து பாருங்கள். பற்றைகளை வெட்டி, பள்ளங்களை மண்ணிட்டு இறுக்கி, வானைத் துப்புரவாக்குங்கள். மாரியில் கசிவுநீர் கலங்கி வருமாயின், கட்டின் மண் கரைகின்றது என்று அறிந்து, அதிகாரிகளுக்கும் கீழூரவர்க்கும் உடனே அறிவியுங்கள். அவர்கள் உங்கள் கட்டை நம்பியே இரவில் உறங்குகின்றார்கள்.