ஊரடங்கும் உயிர்க்காப்பும்



2021ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நம் லோதி ரோட்டுச் சுடலையில் சிதைகள் ஓயாது எரிந்தன. உடல்கள் வரிசையிற் காத்துக் கிடந்தன. அன்று கதவடைத்து வீட்டிலிருந்த நாம், அவ்வடைப்பு உயிர்களைக் காத்ததா என்று ஆராய்தல் பொருத்தமே.

ஏப்ரல் 19 இரவு 10 மணிக்குத் தில்லியில் ஊரடங்கு தொடங்கிற்று. மறுநாள் புதிதாக நோய் கண்டோர் 28,395 பேர், அதுவே உச்சம். மே 3ஆம் நாள் மாண்டோர் 448 பேர். அம்மாத இறுதியில் நாள்தோறும் நோய் காண்போர் ஆயிரத்துக்கும் கீழே இறங்கினர். ஊரடங்கே வென்றது என்பார் ஒரு சாரார். அடைத்த பின்னரன்றோ சாவு மிகுந்தது என்பார் மற்றொரு சாரார். இருவரும் நாட்கணக்கை மறந்தனர். தொற்றுப் புகுந்து நோய் வெளிப்படச் சில நாட்கள் ஆகும். முற்றி உயிர் பிரியப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். ஆகவே மே 3இல் மாண்டவருட் பலர் ஊரடங்குக்கு முன்பே தொற்றுக்கு ஆளானவர் எனக் கொள்ளல் வேண்டும். அதுபோன்றே, உச்சம் உடனே தணிந்த பெருமை முழுதும் ஊரடங்கினுடையது அன்று. இரவுத் தடை ஏப்ரல் 6 முதலே இருந்தது. அச்சத்தால் மக்கள் தாமே ஒதுங்கவும் தொடங்கியிருந்தனர்.

எனினும் விலகியிருத்தல் வீண் என்று கூறோம். 1918ஆம் ஆண்டு விஷக் காய்ச்சலின்போது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் செப்டம்பர் 28இல் பெரும் ஊர்வலம் நடத்தியது; நோய் பெருகிய பின்னரே பள்ளிகளையும் அரங்குகளையும் மூடிற்று. செயின்ட் லூயிஸ் நகரம் நோய் தலைகாட்டிய சில நாட்களிலேயே மூடிற்று. மக்கள் தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால், பின்னதன் சாவு முன்னதில் ஏறத்தாழப் பாதியே. தொற்றியவர் சிலராக இருக்கையில் அடைப்பதே பயன் மிக்கது.

விலையையும் சொல்லல் வேண்டும். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவில் நாடே அடைபட்டது. மாதச் சம்பளம் பெறும் நம் போன்றோர்க்கு அது தாங்கத்தக்க துன்பம். நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வந்த பெண்களுக்கோ அன்றே வருவாய் நின்றது. மார்ச் 28இல் ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் ஊர் திரும்பத் திரண்ட கூலித் தொழிலாளரிடம் யார் போய் விலகி நில்லுங்கள் என்பது?

அத்துணைத் துன்பத்தால் நாடு ஈட்டியது கால அவகாசம் ஒன்றே. அதனைக் கொண்டு படுக்கையும் பிராணவாயுவும் சேர்த்திருந்தால் அன்றோ சாவு குறையும்? மருத்துவமனைகளில் நிறுவ மத்திய அரசு ஒப்புதல் தந்த பிராணவாயுக் கருவி நிலையங்கள் 162. 2021 ஏப்ரல் 18இல் சுகாதார அமைச்சகம் தந்த கணக்கின்படி, நிறுவி முடித்தவை 33. தில்லிக்கு வாய்த்தது அவற்றுள் ஒன்று.