புராஸ்டேட் சிகிச்சைக்குப் பின்

தில்லியிலோ நாகபுரியிலோ மகன் வீட்டில் வாழும் நம் முதியோருக்குப் புராஸ்டேட் சுரப்பி பருத்துவிட்டால் இரட்டைச் சங்கடம். நோயைச் சொல்ல நாணம். துணிந்தாலும் மொழி வாய்க்காது. மருமகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு எதைத்தான் சொல்வது!

சிறுநீர்த்தாரை வழியே கருவி செலுத்திச் சுரப்பியைச் சுரண்டியெடுக்கும் அறுவைக்குப் பின், வீடு திரும்பிப் பத்துப் பன்னிரண்டு நாளானதும் சிறுநீரில் மீண்டும் குருதி தோன்றலாம். நம்மவர் அஞ்சுவது இங்கேதான். உட்புண்ணின் பொருக்கு உதிர்வதால் வருவது அது. நீர் நிறையப் பருகினால் பெரும்பாலும் தெளியும். குருதி கட்டியாக வந்தாலோ, நீர் அடைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விந்து வெளிவராது சிறுநீர்ப்பைக்குள் திரும்புவது பலருக்கு நிலைத்துவிடும். உடலுக்குத் தீங்கில்லை, ஆயினும் அறுவைக்கு முன்பே இதைக் கேட்டறிய நமக்கு உரிமையுண்டு.

மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். டாம்சுலோசின் உண்பவர் சட்டென எழுந்தால் தலை சுற்றலாம். ஃபினாஸ்டரைடு பயன் தர ஆறு மாதமாகலாம். அது இரத்தத்தின் பி.எஸ்.ஏ. அளவையும் ஏறக்குறையப் பாதியாக்கும். ஊர் மாறிப் புது மருத்துவரைக் காண்போர் இதைச் சொல்லாவிடின், புற்றுநோய் ஐயத்தைக் காட்டும் அளவு குறைவாகத் தோன்றி ஏமாற்றிவிடும். சொல்ல மொழியில்லையெனில் மாத்திரை அட்டையையே கையில் கொண்டுசென்று நீட்டலாம்.