பால்மரமும் கணினிச் சில்லும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

கணினியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். இன்று கைப்பேசி இல்லாத வீடு இல்லை. அதைத் திறந்தால் இன்டெல் ஆள் குறைக்கிறது, என்விடியா கொழிக்கிறது, மெமரி விலை ஏறிவிட்டது என்று செய்திகள் வந்து விழுகின்றன. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு எந்தக் கம்பெனி பெரியது என்று வாதாடுகிறார்கள். பெரியவர்களோ, "அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கென்னப்பா?" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்தச் செய்தி நம் வீட்டுச் செய்திதான் என்று சொல்வதற்கே இங்கு வந்து நிற்கிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த பால்மரத்திலிருந்து தொடங்குவோம். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டினார்கள். கத்தி ஆழமாகப் போனால் மரம் கெட்டுவிடும். மேலாகப் போனால் பால் வராது. அந்த நுணுக்கம் அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் எடுத்த பால் கப்பலேறி அமெரிக்காவின் அக்ரன் நகரம் வரைக்கும் போயிற்று. அங்கே 1898இல் தோன்றிய குட்இயர் போன்ற கம்பெனிகள் அதை டயராக்கி உலகத்துக்கே விற்றன. பால் நம்முடையது, உழைப்பு நம்முடையது. ஆனால் டயரை எப்படிச் செய்வது என்ற அறிவும், அதில் வந்த பெரிய லாபமும் வேறிடத்தில் இருந்தன. இந்த ஒரு பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் தானே விளங்கும்.

இனி வடக்கே பினாங்குக்கு வாருங்கள். 1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகச் சலுகையை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அப்போது முதலமைச்சராக இருந்த டாக்டர் லிம் சோங் இயூ பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரத்தை அமைத்து, வெளிநாட்டுக் கம்பெனிகளை அழைத்தார். 1972இல் இன்டெல் அங்கே ஆலை தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தக் கம்பெனி அமைத்த முதல் ஆலை அதுதான். நெல் விளைந்த வயலில் சில்லு விளையத் தொடங்கிற்று. ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் என்று மற்றவர்களும் வந்தார்கள். அதே 1972இல் நம் பேராக் மாநிலத்தில், ஈப்போவில், கார்செம் தோன்றியது. 1989இல் அதே ஈப்போவில் யூனிசெம் தோன்றியது. சிலிம் ரிவர் நிலையத்தில் ரயிலேறி வடக்கே போனால் வருகிற அதே ஈப்போதான்!

சில்லு, அதாவது சிப் என்றால் என்ன? விரல் நகத்தளவு சிலிக்கான் துண்டு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான மின் விசைகள். ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் படம் போடுகிறார், ஒருவர் சுவர் எழுப்புகிறார், ஒருவர் கம்பி இழுத்து, கதவு வைத்து, குடியிருக்கத் தகுமா என்று பார்த்துக் கொடுக்கிறார். சில்லும் அப்படித்தான். என்விடியா படம் போடுகிறது. அதற்குச் சொந்தமாகச் சில்லு வார்க்கும் ஆலை கிடையாது. 1987இல் தைவானில் தொடங்கிய டி.எஸ்.எம்.சி. போன்ற கம்பெனிகளே வார்த்துக் கொடுக்கின்றன. வார்த்த வட்டத் தகட்டைத் துண்டு துண்டாக அறுத்து, மயிரிழையிலும் மெல்லிய தங்கக் கம்பியோ செப்புக் கம்பியோ வைத்து இணைத்து, கறுப்புக் கூட்டுக்குள் அடைத்து, சூட்டிலும் மின்சாரத்திலும் சோதித்து அனுப்பும் வேலை மூன்றாவது. உலகத்தில் நடக்கும் அந்த மூன்றாவது வேலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு மலேசியாவில் நடப்பதாக நம் அரசாங்கம் கூறுகிறது.

ஆகவே உங்கள் பிள்ளை கையில் வைத்திருக்கும் கைப்பேசிக்குள்ளே ஈப்போவிலோ பினாங்கிலோ ஒரு பெண் பிள்ளை சரிபார்த்த சில்லு இருக்கலாம். ஆரம்ப காலத்தில் அந்த ஆலைகளில் உருப்பெருக்கிக் கண்ணாடியில் குனிந்து கம்பி இணைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கம்பத்திலிருந்தும் பட்டணத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்தவர்கள். மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையைச் சீவத் தெரிந்த கைகளின் வாரிசுகளுக்கு அந்த நுணுக்கம் கைவந்ததில் வியப்பென்ன?

இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதை உலகம் 2021இல் உணர்ந்தது. கொரோனாக் காலத்தில் ஜொகூரின் மூவாரில் சில்லு வேலை தடைப்பட்டபோது, கடல் கடந்த கார் ஆலைகள் சில்லு கிடைக்காமல் தவித்தன. ஒரு நாட்டுக் காரின் ஓட்டம் இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் உடல் நலத்தில் தங்கியிருக்கிறது பாருங்கள்!

ஆனால் பெருமை மட்டும் பேசிவிட்டுப் போனால் நான் உங்களுக்கு நல்லது செய்தவனாகமாட்டேன். ஆலை வரும், ஆலை போகும். பெட்டாலிங் ஜெயாவில் பல ஆண்டுகள் வன்தட்டு செய்துவந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலையை 2019க்குள் மூடுவதாக அந்தக் கம்பெனி 2018இல் அறிவித்தது. என்ன காரணம்? சுழலும் தட்டுக்குப் பதிலாக அசையாத நினைவகம், எஸ்.எஸ்.டி. என்பது, வந்துவிட்டது. ஷா ஆலாமில் 1972இல் தொடங்கிய குட்இயர் டயர் ஆலையும் 2024 ஜூனில் மூடியது. அதே 2024இல் உலகம் முழுதும் ஏறத்தாழ 15,000 பேரைக் குறைப்பதாக இன்டெல் அறிவித்தது. இந்தச் செய்தியைப் படிக்கிற மாணவன், "இன்டெல் தோற்றுப்போச்சு, ஏ.எம்.டி. ஜெயிச்சிருச்சு" என்று கைதட்டுகிறான். தம்பி, அது பந்து விளையாட்டல்ல. அந்தக் கணக்கில் நம் அக்காமார் அண்ணன்மார் சம்பளமும் அடங்கியிருக்கிறது.

தொழிலாளர் உரிமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டத் தொழிலாளர்களுக்கு 1954இலேயே தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. மின்னணு ஆலைத் தொழிலாளர்களுக்கோ 1988இல்தான், அதுவும் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டும், சங்கம் அமைக்க அரசு இடம் கொடுத்தது. குளிர்சாதன அறையில் வேலை என்பதால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. நம் பெரியவர்கள் கற்றுத் தந்த ஒற்றுமை அங்கேயும் தேவைப்படுகிறது.

சரி, வீட்டுச் செலவுக்கு வருவோம். "சார், கம்ப்யூட்டர் மெமரி ஏன் இப்படி விலை ஏறிப்போச்சு?" என்று ஒரு தாயார் கேட்டார். செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய கம்பெனிகள் கட்டும் தரவு மையங்கள் மெமரிச் சில்லுகளை மலை மலையாக வாங்குகின்றன. செய்கிறவர்களும் லாபம் மிகுந்த அந்தப் பக்கமே சாய்கிறார்கள். மூவாரிலும் பினாங்கின் பத்து காவானிலும் ஆலை வைத்திருக்கும் மைக்ரான் கம்பெனி, பொதுமக்களுக்கு க்ரூஷல் என்ற பெயரில் விற்றுவந்த வியாபாரத்தை விட்டுவிடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நம் நாட்டிலேயே ஆலை இருந்தும் நம் பிள்ளைக்கு மெமரி விலை ஏறுகிறது. பால் மரம் நிற்கிற தோட்டத்திலே டயர் விலைக்கு வாங்கின கதைதான் இது!

இன்னொன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. உடனே, "பழசைத் தூக்கிப் போடு, தவணையில் புதுசு எடு" என்று சொல்வோர் உண்டு. அவசரப்படாதீர்கள். பழைய கணினியில் சுழலும் வன்தட்டு இருந்தால் அதை மாற்றி எஸ்.எஸ்.டி. பொருத்தலாம், வேகம் கூடிவிடும். லினக்ஸ் என்னும் இலவச மென்பொருளைப் போட்டால் பாடம் படிக்கவும் கட்டுரை எழுதவும் தாராளமாகப் போதும். பிள்ளையையே பக்கத்தில் உட்காரவைத்து மூடியைத் திறந்து காட்டுங்கள். எது மெமரி, எது வன்தட்டு என்று கையால் தொட்டுப் பார்த்த பிள்ளை விளம்பரத்துக்கு எளிதில் மயங்காது.

இனி மாணவர்களுக்கு. 2024 மே மாதம் நம் அரசு தேசியச் சில்லுத் தொழில் திட்டத்தை அறிவித்தது. 60,000 பொறியாளர்களை உருவாக்குவது அதன் குறிக்கோள்களில் ஒன்று. 2025 மார்ச்சில் பிரிட்டனின் ஆர்ம் கம்பெனியோடு 10 ஆண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் கொடுக்கும் ஒப்பந்தம் செய்தது. எதற்காக? சில்லுக்குப் படம் போடும் வித்தையைக் கற்றுக்கொள்வதற்காக. கட்டிக் கொடுப்பதோடு நில்லாமல் படம் போடும் இடத்துக்கும் போக வேண்டும் என்று நாடு முடிவெடுத்திருக்கிறது. அந்த 60,000 பேரில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்? இன்று இந்த மண்டபத்தில் நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

"நமக்கெல்லாம் முடியுமா?" என்று தயங்குவோருக்கு ஒரு சான்று. தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறன் அவர்களின் மகன் முத்து நெடுமாறன், இந்த மலேசிய மண்ணிலிருந்தே 1985இல் முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். ஆப்பிள் கணினியோடு வருகிற இணைமதி என்ற தமிழ் எழுத்து வடிவம் அவர் கைவண்ணம். பெரிய கம்பெனியின் பொருளை வாங்குகிறவராக மட்டும் இராமல், அதற்குள்ளே தமிழைக் கொண்டுபோய் வைத்தார். அவருக்குத் தமிழ் தடையாக இருந்ததா? தமிழே அவருக்குத் தொழிலாயிற்று.

பாதை தூரத்தில் இல்லை. ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது கணிதத்தையும் அறிவியலையும் கைவிடாதீர்கள். எஸ்.பி.எம். முடித்தால் பக்கத்திலேயே பெஹ்ராங்கில் சுல்தான் அஸ்லான் ஷா பாலிடெக்னிக் இருக்கிறது, ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. பெற்றோர்களே, பதினெட்டு வயதில் ஆலையிலே கிடைக்கும் முதல் மாதச் சம்பளம் பெரிதாகத் தெரியும். வீட்டுக் கஷ்டமும் எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் மூன்று வருஷம் பொறுத்துக்கொண்டால், அதே ஆலைக்கு அந்தப் பிள்ளை இயந்திரத்தை ஓட்டப் போகாது, இயந்திரத்தைச் சீர் செய்யப் போகும். ஆலை மூடினாலும் அந்தப் படிப்பு மூடாது.

முடிவாக ஒன்று. இனிமேல் கைப்பேசியில் கணினிச் செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதைப் படம் போட்டது யார்? செய்தது யார்? கூலி யாருக்கு, லாபம் யாருக்கு? இந்தக் கேள்விகளை நம் பாட்டன் பால்மரத்தடியில் கேட்க வழியில்லாமல் போயிற்று, அவருக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. இன்று நீங்கள் வாங்கும் பரிசுப் புத்தகம் அதற்கு முதற்படியாக அமையட்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன்.