மோயாற்றுப் பள்ளம்



விடுமுறை வந்தால் உதகைக்கும் குற்றாலத்திற்கும் செல்ல எண்ணுகிறீர்கள், நன்று. ஆனால் நம் கொங்கு நாட்டின் வடமேற்கு விளிம்பிலே, நம்மில் பெரும்பாலோர் கண்டிராத ஆற்றுப் பள்ளம் ஒன்று உண்டு. நீலகிரிக்கும் மைசூர்ப் பீடபூமிக்கும் இடையே, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்திற்கு மோயாறு அறுத்துச் சென்றிருக்கும் அப்பள்ளத்தைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

முக்கூர்த்தி மலைப் பக்கம் தோன்றும் பைக்காரா ஆறே, மலையிறங்கி முதுமலைக் காட்டை அடைந்தபின் மோயாறு என வழங்குகிறது. அங்கே கிழக்கு நோக்கித் திரும்பி, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு கூடுகிறது. ஏன் கிழக்கே திரும்பியது? அங்குள்ள பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. அவை ஒன்றோடொன்று உரசி நலிந்த பட்டை ஒன்று அவ்வழியே கிடக்கிறது. உழவுச் சாலில் மழைநீர் ஓடுவது போல, ஆறு அந்த நலிந்த தடத்தையே தன் வழியாகப் பற்றிக்கொண்டது.

இதனைக் காணத் தக்க இடம் கோத்தகிரிக்கு அப்பால் உள்ள கோடநாடு. நான் பணியில் இருந்த காலத்தில் மாணவர்களைப் பலமுறை அங்கே அழைத்துச் சென்றதுண்டு. ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே, வெள்ளிக் கம்பிபோல் ஆறு கிடக்கும். அதன் கரையில் தெங்குமரஹாடாவின் வயல்கள் பச்சைக் கட்டங்களாகத் தெரியும். ஒருமுறை ஒரு மாணவன், "ஐயா, அங்கே இறங்கி ஆற்றில் குளிக்க முடியாதா?" என்று கேட்டான். நியாயமான ஆசைதான்.

அந்தத் தெங்குமரஹாடா விந்தையான ஊர். நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் பேருந்தில் போவதற்கோ ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகர் வழியே காட்டுக்குள் செல்ல வேண்டும். பிறகு பரிசலில் ஆற்றைக் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் பரிசல் நின்றுவிடும். நோயாளியாயினும் கர்ப்பிணியாயினும் காத்திருக்க வேண்டியதுதான். ஆற்றில் முதலைகளும் உண்டு. உணவுத் தட்டுப்பாடு நிலவிய நாளில் கூட்டுறவு வேளாண்மைக்காகக் குடியமர்த்தப்பட்டவர்கள் அவ்வூரார். 2013ஆம் ஆண்டு சத்தியமங்கலம் காடு புலிகள் காப்பகமாயிற்று. இன்று அவர்களைக் காட்டுக்கு வெளியே குடியேற்றும் பேச்சு உயர்நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. தலைமுறையாக உழுத குடும்பங்களையே காட்டின் பொருட்டு எழுந்து போகச் சொல்லும் இடத்தில், ஒரு பகல் குளித்துக் களிக்க நாம் உரிமை கேட்கலாமா? அம்மாணவனிடம் நான் கேட்டது இதுதான். அவன் விடை கூறவில்லை. ஆனால் தொலைநோக்கியை நெடுநேரம் கீழே வைக்கவில்லை.

அவன் பார்த்துக்கொண்டிருந்தவை பாறுகள். பிணந்தின்னிக் கழுகு என்று இழிவாகச் சொல்கிறோம். பாறு என்பதே பழந்தமிழ்ப் பெயர். கால்நடைகளுக்கு வலி நீங்கத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 1990களில் தொடங்கிய இவ்வழிவில், வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்று கூட மிஞ்சியது அரிது. 2006இல் அரசு அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. தென்னாட்டில் எஞ்சியவற்றுக்குப் பெரும் புகலிடம் இம்மோயாற்றுப் பள்ளமே. கரையோர நீர்மருத மரங்களில் அவை கூடு கட்டுகின்றன. கூட்டருகே மனித நடமாட்டம் மிகுந்தால் கூட்டைக் கைவிடவும் கூடும். ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும் பறவை அது.

ஆகவே கோடநாட்டிற்கே செல்லுங்கள். தொலைநோக்கியும் குறிப்பேடும் கொண்டு போங்கள். காலையில் பனிமூட்டம் பள்ளத்தை மூடியிருந்தால் பொறுத்திருங்கள். வெயில் ஏற ஏற, பாறுகள் சிறகசைக்காமல் வட்டமிட்டு எழும். சமவெளியில் நாம் அவற்றின் வயிற்றுப்புறத்தையே காண்போம். அங்கே அவை நமக்குக் கீழே பறப்பதால், முதுகின் வெள்ளைத் திட்டு நன்றாகத் தெரியும்.