வீட்டின் மேலாடை

உடலுக்கு ஆடை எவ்வாறோ, மரச்சட்டங்களால் எழுப்பிய வீட்டுக்குப் புறப்போர்வை அவ்வாறு. தலைமேல் விழும் மழையைக் கூரை தாங்குகிறது. சாய்ந்தடிக்கும் சாரலையும் பனிக்காற்றையும் தடுப்பது சுவரின் வெளிப்புறத்தில் பொருத்தப்படும் அப்போர்வையே. அது வளர்ந்த வரலாற்றில் மாணவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு.

17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய ஆங்கிலேயர், மரங்களைப் பிளந்து மெல்லிய பலகைகளாக்கினர். மேற்பலகையின் அடியோரம் கீழ்ப்பலகையின் தலையோரத்தை மூடுமாறு வரிசையாக அறைந்தனர். நாம் ஓடு வேய்வதும் இம்முறையில்தானே? வழியும் நீர் இடுக்கில் புகாது. பலகைக்குப் பலகை நழுவி மண்ணைச் சேரும். மாசசூசெட்ஸ் மாநிலத்து டெடம் நகரில், ஏறத்தாழ 1640இல் கட்டப்பெற்ற ஃபேர்பேங்க்ஸ் இல்லம், மரவீட்டின் உறுதிக்கு இன்றும் சான்றாக நிற்கிறது.

ஆயினும் மரத்துக்குத் தீயும் ஈரமும் பூச்சியும் பகை. இம்மூன்றையும் வெல்லும் பொருளைத் தேடினர். ஆஸ்திரிய நாட்டவரான லுட்விக் ஹாட்ஷெக், கல்நார் இழையையும் சிமெண்டையும் நீரில் கலந்து, மெல்லிய படலங்களாக எடுத்து, அடுக்கி இறுக்கித் தகடாக்கும் வழியைக் கண்டார். 1901இல் காப்புரிமையும் பெற்றார். அத்தகட்டுக்கு அவர் இட்ட பெயர் ‘எடெர்னிட்’. நிலைபேறு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. எரியாது, மக்காது, விலையும் மலிவு, வேறென்ன வேண்டும்? இரண்டாம் உலகப் போருக்குப்பின் வீடுகளுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்ட ஆஸ்திரேலியாவில், கல்நார்த் தகடு போர்த்திய வீடுகள் ஊர்தோறும் எழுந்தன.

தகடு நிலைத்தது, அதனை ஆக்கியவர்களில் பலர் நிலைக்கவில்லை. அறுக்கும்போதும் துளைக்கும்போதும் பறக்கும் நுண்ணிழைகள் மூச்சோடு உட்சென்று நுரையீரலில் தங்குகின்றன. பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படுகின்றன. தென்னாப்பிரிக்கக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் நுரையீரல் உறையைப் பற்றும் அரிய புற்றுநோயை ஆராய்ந்து, வாக்னரும் அவர்தம் துணைவரும் 1960இல் கட்டுரை வெளியிட்டனர். ஆஸ்திரேலியா கல்நாரை முற்றாக விலக்கியதோ 2003ஆம் ஆண்டின் இறுதியில்தான். நோய் வெளிப்படுதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடுவதால், இடையில் கட்டிய வீடுகளும் மிகுந்துவிட்டன. பழைய தகடுகள் சிதையாதிருக்கும்வரை தீங்கு குறைவு. உடைத்தாலோ அறுத்தாலோ நஞ்சு பறக்கும். நம் ஊர்களில் கல்நார்க் கூரையைப் பிரிப்போரும் இதனை மறத்தலாகாது.

இன்று கல்நாருக்கு மாற்றாக மரநார் கலந்த சிமெண்டுத் தகடுகள் வந்துள்ளன. அவற்றை அறுக்கும்போதும் மணல்தூசு எழுகிறது. காப்பின்றி அறுத்தால் அதுவும் நுரையீரலுக்குக் கேடே. ஆகவே, புதுப்பொருள் ஒன்று கைக்கு வரும்போது, “இது எதையெல்லாம் தாங்கும்?” என்று மட்டும் கேட்டல் போதாது. “இதனைச் செய்பவன் மூச்சு இதைத் தாங்குமா?” என்றும் கேட்டல் வேண்டும். நாளைய பொறியாளர்களாகிய மாணவர்கள் அக்கேள்வியை முதற்கேள்வியாகக் கொள்வார்களாக.