கடல் பார்க்கப் போனால் அம்மாவுக்கும் லீவு வேண்டும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, வங்கிக் கடன், தவணை பாக்கி எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது வேறு ஒரு விஷயம். குளிர்காலத்தில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய் வருவது பற்றிப் பேசலாம். சிரிக்கிறீர்கள். "டூர் போறதுக்கெல்லாம் கூட்டமா?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்பதும் காதில் விழுகிறது. ஆமாங்க அக்கா, இதுக்கும் கூட்டம்தான்.

நம்ம நீலகிரியில் மார்கழியும் தையும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டிப் பக்கம் ராத்திரியில் பூஜ்ஜியம் டிகிரி வரைக்கும் இறங்கிவிடுகிறது. உறைபனி விழுந்தால் தேயிலைக் கொழுந்து கருகிப் போகிறது, வேலை நாளும் குறைகிறது. பெரியவங்களுக்கு மூட்டுவலி, இழுப்பு. அதே ஜனவரியில் கன்னியாகுமரியில் பகலில் 30 டிகிரி வெயில். ஒரே தமிழ்நாடு, ஒரு ராத்திரிப் பயணம்தான்.

நவம்பர், டிசம்பரில் போக வேண்டாம் என்போம். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அந்த மாவட்டத்தைப் படுத்திய பாடு தெரியும். ஜனவரி நடுவில் சபரிமலை மகரவிளக்கு வரைக்கும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், அதோடு பொங்கல் கூட்டம். விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏற வரிசையில் நின்றே பொழுது போய்விடும். ஜனவரி 26-ஐ ஒட்டிப் போனால் கொஞ்சம் மூச்சுவிடலாம். அந்த மாதங்களில் இன்னொரு வசதியும் உண்டு. சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், காலையில் கடலில் உதிப்பதையும் சாயங்காலம் கடலில் மறைவதையும் அதே ஊரில் பார்க்கலாம். ஆனி, ஆடியில் போனால் தரைப் பக்கம்தான் மறையும்.

சரி, பணம்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. குழுக்களின் தீர்மானப் புத்தகங்களைப் பார்க்கிறோம். கடன் நோக்கம் என்ற இடத்தில் "மாடு வாங்க", "மருத்துவச் செலவு" என்று இருக்கும். விசாரித்தால் மாடும் இல்லை, மருந்தும் இல்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்த்து வந்திருப்பார்கள். எதற்குங்க இந்தப் பயம்? வீட்டுக்காரர் நண்பர்களோடு வண்டி பிடித்துப் போய் வந்தால் யாரும் நோக்கம் கேட்பதில்லை. பெண்கள் போனால் மட்டும் ஊதாரித்தனமா? "குடும்பச் சுற்றுலா" என்றே எழுதுங்கள். ஆனால் கடனைவிடச் சேமிப்பே நல்லது. வாரம் 200 ரூபாய் தனியாகப் போட்டால் 40 வாரத்தில் 8,000 ரூபாய். அதையே கடனாக வாங்கினால், நூற்றுக்கு இரண்டு வட்டியில் முதல் மாதமே 160 ரூபாய் வட்டிக்குப் போகிறது. வாரத் தவணைக்காரரிடம் வாங்கிக் கடல் பார்க்கப் போவதை மட்டும் செய்யாதீர்கள். திரும்பி வந்ததும் அவர் வாசலில் நிற்பார்.

இன்னொன்று. ஒரு குழுவில் பன்னிரண்டு வருஷம் கழித்து முதல் தடவை கடலுக்குப் போய் வந்த ஒரு சகோதரியிடம், "எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டோம். "நல்லா இருந்துச்சுங்க. மண்ணெண்ணெய் அடுப்புதான் காத்துக்கு நிக்கல" என்றார். அரிசி, பருப்பு, அடுப்பு, பாத்திரம் எல்லாம் மூட்டை கட்டிப் போயிருக்கிறார்கள். வீட்டில் சமைத்ததையே கடற்கரையில் உட்கார்ந்து சமைத்திருக்கிறார். மற்றவர்கள் அலையில் விளையாட, இவர் சட்டி கழுவியிருக்கிறார். அவருக்கு எது சுற்றுலா?

முதல் நாளைக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள், கெடாது. அதோடு சரி. மிச்ச வேளைக்குச் சாப்பாட்டுக் கடைக்கு என்று கணக்கில் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கு என்ன ஆகும் என்று வீட்டுக்காரரையும் உட்கார வைத்துக் கணக்குப் போடுங்கள். பிள்ளைகளுக்குப் பசித்தால் அங்கே மட்டிப்பழம் கிடைக்கும். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த கன்னியாகுமரி வாழைப்பழம், ரொம்ப மெதுவாக இருக்கும். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லை. நாகர்கோவிலில் இறங்கினாலும் அந்தப் பேருந்தைக் கேட்டு ஏறுங்கள்.

கடலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாம் மலைக்காரர்கள், நமக்குத் தண்ணீர் பழக்கமில்லை. அலை வந்து அடிப்பதைவிட, திரும்பிப் போகும்போது காலடி மணலை அரித்து இழுப்பதுதான் ஆபத்து. காற்றே இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போதும் பெரிய அலை எழும்பும். மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று அந்த மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் அப்படித்தான் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். படித்த பிள்ளைகள், அவர்களுக்கே அந்தக் கதி. கணுக்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். சேலை நனைந்தால் கனத்து ஆளை இழுக்கும். பிள்ளைகளின் கையைப் பெரியவர் ஒருவர் பிடித்தே இருக்கட்டும், அந்த வேலையும் அம்மாவுக்கு மட்டும் என்று விட்டுவிடாதீர்கள். உள்ளூர் மீனவர் "இறங்காதே" என்றால் இறங்கக் கூடாது. குடித்துவிட்டுக் குளிக்கப் போகும் ஆண்களைத் தடுக்க வெட்கப்படாதீர்கள்.

பாட்டியைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இருக்கிறது என்று நம்பிப் பணம் குறைவாக எடுத்துப் போகாதீர்கள். ஐந்து வயது முடிந்த பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழு டிக்கெட். கோவையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவு ரயில் இருக்கிறது. முன்பதிவு முன்பு போல 120 நாள் இல்லை, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். ஜனவரி 23 ராத்திரி கிளம்ப நினைப்பவர்கள் நவம்பர் 24 காலை 8 மணிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். பெயர், வயது, யார் யாருக்குக் கீழ்ப் படுக்கை வேண்டும் என்று எழுதி, அதற்கு முந்தைய குழுக் கூட்டத்திலேயே பிரதிநிதியிடம் கொடுத்துவிடுங்கள்.